நிலமில்லாத நாடு (தகடூர் மண்ணின் கதை – 12)

சென்ற வாரம், இன்றைய தருமபுரியான தகடூரில் அதியமானின் கோட்டை விழுந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதை எறிந்து வென்றான். அந்த வெற்றியை அரிசில் கிழார் பாடிய பாட்டுகள் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தாக நிற்கின்றன. கோட்டை போன பிறகு என்ன மிஞ்சியது என்றால், நிலம் மிஞ்சியது. இந்த வாரம் அரசர்களை விட்டுவிட்டு அந்த நிலத்தைப் பார்ப்போம். அதற்கு முன் வீட்டில் நடந்த ஒரு பேச்சைச் சொல்லியாக வேண்டும். இந்த அத்தியாயம் அதிலிருந்து பிறந்தது.

என் தம்பி மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். சித்திரை முதல் நாளுக்கு ஊருக்கு வந்தவன், தன் நண்பர்களோடு ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் சொன்னான். பகடையும் வரைபடமும் வைத்துக்கொண்டு கற்பனை உலகத்தில் பயணம் போகிற ஆட்டம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. அந்த ஆட்டத்தில் நிலம், நீர், தீ, காற்று ஒவ்வொன்றுக்கும் தனி உலகம் உண்டு. 1987-இல் வந்த ஒரு நூல் அந்த உலகங்களின் ஓரங்களுக்கும் இலக்கணம் வகுத்திருக்கிறது. உயிரை உறிஞ்சும் இன்மை வந்து தொடுகிற ஓரத்தில் தீயுலகம் சாம்பலாகிவிடும், மண்ணுலகம் புழுதியாகிவிடும், நீருலகம் உப்பாகிவிடும், காற்றுலகம் ஒன்றுமில்லாத வெறுமையாகிவிடும்.

"இந்த மாதிரி ஒரு பாழ் உலகத்த நம்ம ஆளுங்க யாராச்சும் யோசிச்சிருக்காங்களா, பெரியப்பா?" என்று கேட்டான்.

"யோசிச்சிருக்காங்கடா. நடந்தும் போயிருக்காங்க. காலையில வெள்ளன எழுந்திரு, காட்டறேன்" என்றேன்.

அவனுக்குச் சொன்னதையும் காட்டியதையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

பாலை என்றால் மணலும் மணல் சார்ந்த இடமும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். தேர்வுக்கு உதவிய அந்த வரி மனசில் தப்பான படத்தைப் பதித்துவிட்டது. இன்றைக்குப் பாலை என்று சொன்னால் பிள்ளைகள் ராஜஸ்தானத்து மணல்மேட்டையும் ஒட்டகத்தையும் வரைகிறார்கள். தொல்காப்பியர் சொன்ன பாலைக்கும் அந்தப் படத்துக்கும் ஒட்டு உறவு இல்லை. அவர் காட்டுக்கு மாயோனைத் தெய்வமாக வைத்தார், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நான்கு நிலத்தையும் இப்படிப் பங்கிட்டுக் கொடுத்தவர், பாலைக்கு ஒரு சாண் மண்ணும் ஒதுக்கவில்லை. அதை நடுவுநிலைத் திணை என்று சொல்லி, பொழுதை மட்டும் கொடுத்தார். உச்சி வெயில் அடிக்கும் நண்பகலும், வேனில் காலமும், பின்பனியும் பாலைக்கு உரியவை. ஐந்து திணையில் ஒன்று நிலமே இல்லாமல், நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த நிலம் எங்கிருந்து வரும் என்பதை இளங்கோவடிகள் சொன்னார். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் விடை சொல்லுகிற இடம் அது. கோடை முற்றி, முல்லையும் குறிஞ்சியும் தங்கள் தன்மையை இழந்து நிற்கும் கோலம்தான் பாலை என்கிறான் அவன். பாலை எங்கோ தொலைவில் இருக்கும் தேசம் இல்லை. நாம் பிறந்து வளர்ந்த காட்டுக்கும் மலைக்கும் நேர்கிற கதி அது. மழை பெய்தால் அதே இடம் மறுபடி முல்லையாகிவிடும்.

இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அட, எங்க ஆட்டத்துலயும் அதேதான் பெரியப்பா. சாம்பல் தனியாப் பொறக்கல, தீ தேஞ்சு தேஞ்சு சாம்பல் ஆகுது." அமெரிக்கக்காரர்கள் தொல்காப்பியம் படித்திருக்க வழியில்லை. வறட்சியைக் கூர்ந்து பார்க்கிற மனிதர் யாராக இருந்தாலும் இந்த முடிவுக்கு வந்து சேருவார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் புலவர்கள் இந்த உலகத்தை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினார்கள் என்பதையும் பாருங்கள். ஆட்டத்துக்கு விதி இருப்பதுபோல் பாலைக்கும் விதி உண்டு. அங்கே வாழ்கிறவர்கள் எயினரும் மறவரும். தொழில், வழிப்போக்கரை மறித்துப் பறிப்பதும் ஆநிரை கவர்வதும். பறை, துடி. பண், பஞ்சுரம். நீர் என்று தேடினால் வற்றிப்போன கூவலும் சுனையும்தான். வானத்தில் பருந்தும் எருவையும் வட்டமிடும். தரையில் செந்நாயும், வலிமை ஒடுங்கிய யானையும் புலியும் திரியும். மரம், ஓமை, இருப்பை, ஞெமை, பாலை. கொற்றவையைத் தெய்வமாகப் பிற்கால இலக்கணக்காரர்கள் சேர்த்தார்கள். இத்தனையும் கூடி ஒரே ஓர் உணர்ச்சிக்குக் காவல் நின்றன. அந்த உணர்ச்சி பிரிவு. பொருள் தேடப் போகிறவன் கடந்தாக வேண்டிய வழி பாலை. அவன் திரும்புவானா என்று வீட்டில் இருப்பவள் நினைத்து நடுங்கும் இடமும் பாலை. வீட்டுக்குத் தெரியாமல் காதலனோடு கிளம்பிவிட்ட மகளைத் தேடிக்கொண்டு செவிலித்தாய் ஓடுவதும் இந்த வழியில்தான்.

சங்கப் புலவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். அகநானூற்றில் 400 பாட்டு. அதில் 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் வருகிற 200 பாட்டும் பாலை. மருதத்தின் வளத்தையும் நெய்தலின் நிலவையும் தாண்டி, தொகுத்தவர்கள் பாதி நூலை வறண்ட வழிக்கு எழுதிவைத்தார்கள். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாலைக்கென்றே 100 பாட்டுப் பாடினார். கலித்தொகையில் பாலைக்கலி 35.

பாலைக்கலியைப் பாடியவராகச் சொல்லப்படுகிறவர் ஒரு சேர அரசர், பாலை பாடிய பெருங்கடுங்கோ. கரூர் அருகே புகளூர் மலையில் உள்ள தமிழி கல்வெட்டில் இரும்பொறை ஒருவனின் மகனாகப் பெருங்கடுங்கோன் என்ற பெயர் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அது சரியென்றால், தகடூரை எறிந்த அதே இரும்பொறைக் குடியில்தான் பாலையின் ஆகப் பெரிய கவிஞனும் இருந்தான் என்றாகிறது. அவன் பாட்டில் வருகிற காட்சிகளை ஒருமுறை படித்தால் மறக்க முடியாது. ஆண் யானை மரப்பட்டையை உரித்துப் பெண் யானையின் பசியைத் தீர்க்கிறது. நிழலே இல்லாத காட்டில் ஆண் மான் தன் உடம்பின் நிழலைப் பெண் மானுக்குக் கொடுத்து நிற்கிறது. ஆண் புறா சிறகால் விசிறி வெக்கையை ஆற்றுகிறது. ஒன்றுமே விளையாத இடத்தில் அன்பு விளைவதை அந்த அரசன் பார்த்தான். அந்த ஆட்டத்துப் புழுதி உலகத்தில் இப்படி ஒரு மான் இருக்கிறதா என்று தம்பி மகனிடம் கேட்டேன். இல்லை என்றான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிளம்பினோம்.

இந்த ஊரைத் தெரியாத வாசகர்களுக்கு அதன் இருப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை. இரண்டுக்கும் நடுவில் சேலத்திலிருந்து அரூர் போகும் சாலை மஞ்சவாடிக் கணவாய் வழியாக இறங்கி வருகிறது. கணவாயைத் தாண்டி விரிகிற சமவெளியில் பாப்பிரெட்டிப்பட்டி. ஏற்காட்டில் பிறக்கும் வாணியாறு இங்கே மலையை விட்டு இறங்குகிறது. முள்ளிக்காட்டுக்கு அருகே அணை கட்டியிருக்கிறார்கள். அணை நிறைந்த வருஷத்தில் வாய்க்கால் ஓரமாக நெல்லும் மஞ்சளும் தென்னையும் கண்ணை நிறைக்கும். மழை பொய்த்த வருஷம் வந்து பார்த்தால், அதே வயலில் காலடி வைக்க மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மலையும் காடும் சேருகிற இடம், அதாவது குறிஞ்சியும் முல்லையும் கைகோத்து நிற்கிற இடம். இரண்டும் சேர்ந்து திரிகிற கோலத்தைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது.

ஊரைத் தாண்டி அடிவாரம் நோக்கிப் போகும் மண்தடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். வெட்பாலை மரங்கள் வரிசையாக நின்றன. காய்கள் இரண்டிரண்டாக, நுனி சேர்ந்து வளையம்போல் தொங்கும். முற்றி வெடித்தால் பட்டுப்போன்ற வெள்ளைப் பஞ்சு கட்டிய விதைகள் காற்றில் பறக்கும். ஒன்றைப் பிடித்துப் பையன் உள்ளங்கையில் வைத்தேன். சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, இந்த மரம் மட்டும் இலையோடு நின்றது. பாலை என்று பெயர் பெற்ற மரங்கள் வறட்சியைத் தாங்கி நிற்பவை. திணைக்கு அந்தப் பெயர் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

தடம் முடியும் இடத்தில் ஒரு புளியமரம். அடியில் மூன்றடி உயரத்தில் ஒரு பலகைக் கல், எண்ணெய் ஏறிக் கறுத்துப்போய். ஒரு மூதாட்டி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சாமிங்க ஆயா இது?"

"வேடியப்பன் சாமி. எங்க மாமனாரோட அப்பங்காலத்துக்கும் முன்னாலருந்து இங்கதான் இருக்காரு. மழ வரலன்னா வந்து தண்ணி ஊத்துவோம். ஆடு மாடு காணாமப் போனாலும் இவருகிட்டதான் சொல்லுவோம்."

"கல்லுல எழுத்து இருக்குது பாருங்க."

"எழுத்த யாரு சாமி கண்டா. எங்களுக்கு அவரு சாமி."

காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் கல்லெழுத்து கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான் விடியலில் கிளம்பினோம். கல்லின் நடுவில் ஒரு வீரன். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். தலைமுடி மேலே முடிச்சாகக் கட்டியிருக்கிறது. மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்திருக்கிறது. கால் பக்கத்தில் ஒரு கெண்டியும் சிமிழும். தலைக்கு மேலே மூன்று வரி, வட்டெழுத்து. நூற்றாண்டுக் கணக்கில் எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்தின் பள்ளம் அடைந்துபோயிருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். நடு வரியில் 'தொறு' என்ற சொல் மட்டும் பிடிபட்டது.

அந்த ஒரு சொல் போதும். தொறு என்றால் மாட்டு மந்தை. செங்கம், தருமபுரி, அரூர்ப் பக்கத்து நடுகற்களில் திரும்பத் திரும்ப வருகிற சொல் அது. இந்தக் கற்களின் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். முதலில் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது. பிறகு யார் யாருடைய தொறுவைக் கவர்ந்தார்கள் என்பது. கடைசியில் யாருடைய சேவகன், என்ன பெயருள்ளவன், மந்தையை மீட்டுப் பட்டான் என்பது. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நடும் வழக்கம் மாறவில்லை. தமிழகத் தொல்லியல் துறை 1970-களில் செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் தொகுத்து நூலாக்கிய பிறகுதான் இந்த மண்ணில் எத்தனை பேர் கல்லாக நிற்கிறார்கள் என்று வெளியுலகம் அறிந்தது.

அவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். எசமானன் விழுந்த பிறகு இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், அதன் விசுவாசத்தைப் பெயரோடு எழுதிவைத்த அந்தக் கிராமத்து மனிதர்களை நினைத்து நெஞ்சு கனக்கிறது.

நடுகல்லும் பாலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளில் வழிப்போக்கன் கண்ணில் படுவது ஊரோ மனிதரோ இல்லை, நடுகல். பெயரும் பீடும் எழுதி, மயில்பீலி சூட்டி, வேலை ஊன்றிக் கேடயம் சாத்தி வைத்த கல். மறவர்கள் அம்பு தீட்டித் தீட்டி எழுத்து தேய்ந்துபோனதால் படிக்க முடியாமல் நிற்கிறவனையும் ஒரு பாட்டு காட்டுகிறது. இரண்டாயிரம் வருஷம் கழித்து அந்தப் புளியமரத்தடியில் நானும் அப்படித்தான் நின்றேன். இதெல்லாம் புலவர்களின் கற்பனை என்று ஒருகாலத்தில் சொன்னவர்கள் உண்டு. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்தில் நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல் தெளிவாக இருக்கிறது. தொல்காப்பியர் ஆநிரை கவர்தலுக்கு வைத்த அதே சொல். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளை அவர் வரிசைப்படுத்தியதும் கண்ணால் கண்ட சடங்கைத்தான். அகத்தில் பாலைக்கு இணையாகப் புறத்தில் அவர் வைத்த திணை வாகை, அதாவது வெற்றி. பிரிவின் நிலத்துக்கு வெற்றியை ஜோடி சேர்த்த அந்த முடிவைப் பற்றி நான் இன்னமும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நம் கதாநாயகன் அதியமானும் கடைசியில் கல்லானான். ஔவையார் அந்தக் கல்லின் முன் நின்று அழுத பாட்டு புறநானூற்றில் 232-ஆவது. நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கிறார்கள். மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்தில் கொடுப்பதை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார் ஔவை. இதைச் சொல்லி முடித்தபோது மூதாட்டியின் கையில் இருந்த செம்பைப் பார்த்தேன். அதிலும் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது.

பாலையைக் கடந்தவர்களில் போர்வீரர் குறைவு, வணிகரே அதிகம். கடற்கரை உப்பை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு உமணர்கள் கூட்டம் கூட்டமாக மேட்டுநிலத்துக்கு ஏறினார்கள். வழியில் அச்சு முறிந்தால் காட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டியே கொண்டுபோவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஔவையார் எடுத்த உவமை இதுதான்: ஆபத்துக்கு உதவும் சேம அச்சு போன்றவன். தகடூர் மேட்டில் ஏறி வரும் உப்பு வண்டிகளைத் தினமும் பார்த்த ஒருவர்தான் இளவரசனை அச்சுக்கு ஒப்பிட முடியும். பிற்காலத்தில் இந்தப் பகுதி வழியாகப் போன பெருவழிக்கு 'அதியமான் பெருவழி' என்றே பெயர். தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த அதன் காதக் கல்லில் தூரத்தை எழுத்தில் பொறித்ததோடு நிற்காமல், எழுத்தறியாதவர் தடவிப் பார்த்து எண்ணிக்கொள்ளக் குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள்.

உச்சிப்பொழுதுக்கு மஞ்சவாடிக் கணவாய்க்கு வந்துவிட்டோம். தொல்காப்பியர் குறித்த நேரத்தில் பாலையைப் பையனுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. பாறை வெயிலைத் திருப்பி அடித்தது. சாலையோரத்துக் கள்ளியில் தூசி படிந்திருந்தது. ஒரு பறவையும் கத்தவில்லை. லாரிகள் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தன. கீழே பாப்பிரெட்டிப்பட்டிச் சமவெளி வெக்கையில் அலைந்து அலைந்து தெரிந்தது. பையன் பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

இந்தச் சமவெளி ஒருமுறை முழுசாகவே பாலையாகியிருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம் அது. அப்போது தருமபுரியும் அரூரும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19.6 லட்சம் பேர். 1881-இல் ஏறத்தாழ 16 லட்சம். பத்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளையும் கூட்டிய பிறகு மிஞ்சிய எண் இது. இந்த வட்டாரத்தில் வயதானவர்கள் இன்றைக்கும் பட்டினியைப் பற்றிப் பேசினால் தாது வருஷத்தைத்தான் அளவுகோலாக வைப்பார்கள்.

பிற்காலத்தில் பாலை வேறு உருவத்தில் வந்தது. கிணறு ஆழம் போகப் போக ஃப்ளோரைடு ஏறிய தண்ணீர் வந்தது. தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்தது, பெரியவர்களின் எலும்பு வளைந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தபோதுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது.

பொருள்வயின் பிரிவு மட்டும் நிற்கவே இல்லை. இங்கே மானாவாரிக் காட்டில் சாமையும் கேழ்வரகும் துவரையும் போட்டுவிட்டு, அறுப்பு முடிந்ததும் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள், கேரளத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. புளியமரத்தடி ஆயாவின் மகன் திருப்பூரில் இருக்கிறான். "தீவாளிக்கு வந்தான், பொங்கலுக்கு வரல. போன் பண்ணுறான்" என்றார். அகநானூற்றின் 200 பாட்டையும் அந்த மூன்று சொற்றொடர்களில் சொல்லிவிட்டார்.

பாலைப் பாட்டுகளில் ஒரு மலை மறுபடி மறுபடி வரும். அது வேங்கடம். தமிழ் பேசும் நாட்டின் வட எல்லை. அதைத் தாண்டினால் மொழி வேறு. மாமூலனார் பாட்டில் தலைவன் பொருள் தேடி அந்த மலையைக் கடந்து போகிறான், அவன் உயிரோடு வருவானா என்று இங்கே ஒருத்தி நாள் எண்ணுகிறாள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி விடியற்காலையில், அதே வேங்கட மலைத்தொடரில், சேஷாசலம் காட்டில், ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்களே அதிகம். சித்தேரி மலைப் பழங்குடி ஊர்களிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. நான் இங்கே வழக்கைப் பேச வரவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் நின்றால் கண்ணுக்கு எதிரே நிற்கிற மலை சித்தேரி. மரம் வெட்டினால் ஒரு நாளைக்கு நல்ல கூலி என்று சொல்லி அழைத்துப்போன மனிதர்கள், மாமூலனார் பாடிய அதே மலையில், அதே காரணத்துக்காகப் போய், திரும்பாமல் போனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சவப்பெட்டியைத்தான் பார்த்தார்கள். இந்தத் தொடரில் அரசர்களின் சாவை எவ்வளவோ எழுதிவிட்டேன். அந்த 20 பேரையும் எழுதாமல் தகடூர் நாட்டு வரலாறு என்று தலைப்புப் போட எனக்குத் தகுதி இல்லை.

மலை இறங்கும்போது பையன், "எங்க ஆட்டத்துல பாழ் உலகத்துக்குப் போனா, பகடை சரியா விழுந்தா திரும்பி வந்துடலாம் பெரியப்பா" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மாலையில் மறுபடி அந்தப் புளியமரத்துக்குப் போனோம். இந்த முறை கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தேன். போன திருவிழாவுக்கு யாரோ கல்லின் அடிப்பாகத்தில் நீலநிறப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்குச் சிமென்ட் பீடம் கட்டப் பணம் வசூலாகிறது என்று ஆயா சொன்னார். கட்டினால் கல்லின் கீழ்ப்பகுதி பூசி மறைந்துபோகும்.

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், கடத்தூர், பொம்மிடிப் பக்கத்து வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் காட்டில், ஏரிக்கரையில், கோயில் ஓரத்தில் இப்படி ஒரு வேடியப்பன் கல் இருந்தால் பூசையை நிறுத்த வேண்டாம். தண்ணீர் ஊற்றுங்கள், பூ வையுங்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள், சிமென்ட் பூசாதீர்கள், இடத்தை விட்டுப் பெயர்க்காதீர்கள். எழுத்து இருக்கிறதென்று தெரிந்தால் தருமபுரியில் உள்ள தொல்லியல் துறைக்கோ உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலருக்கோ தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து மைப்படி எடுத்துக்கொண்டு போவார்கள், கல் உங்கள் ஊரிலேயே இருக்கும். அந்த மூன்று வரியில் ஒரு மனிதனின் பெயர் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அதியமான் பெருவழியில் நடப்போம்.